ஐந்நூறு மீட்டர்

மொன்டெவிடியோ. எனக்கு இரவுப் பணி.
திரையில் இரண்டு புள்ளிகள்.
சிவப்பு, வால்தேர். கிச்சோன் ஊர். மரலாரி ஓட்டுநர்.
நீலம், ஸுல்மா. அதே ஊர்.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

நீதிபதி எழுதியது ஒரே வரி:
ஐந்நூறு மீட்டருக்குள் நெருங்கலாகாது,
நூற்றிருபது நாள்.
அவன் கணுக்காலில் பட்டை பூட்டினோம்,
அவள் கைப்பையில் கருவி வைத்தோம்.
இரண்டுக்கும் தினமும் சார்ஜ் போட வேண்டும்.
குற்றம் அவனுடையது,
மின்கட்டணம் இருவருக்கும்.

கோப்பு என்னிடம் இருக்கிறது.
மார்ச் பதினான்கு, இடது காது, நான்கு தையல்.
எட்டு வருஷத்தில் சட்டத்தின் கைக்குச் சிக்கியது
அந்த ஒரு தேதிதான்.
மற்ற நாட்கள் வெறும் கிழமைகளாகவே
கடந்து போயிருக்கின்றன.
வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில் சொல்கிறாள்:
கேட் திறக்கும் சத்தம் வந்தால்
வானொலியை அணைத்துவிடுவேன்.
எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள்.
சும்மா, என்றிருக்கிறாள்.
அடிக்கு ஒரு பிரிவு உண்டு, மிரட்டலுக்கு ஒன்று.
அந்தச் சும்மாவை எதில் சேர்ப்பது என்று தெரியாமல்
தட்டச்சு செய்தவர் அப்படியே விட்டிருக்கிறார்.

கிச்சோன் பெரிய ஊரில்லை.
ஐந்நூறு மீட்டரை வட்டம் போட்டால்
ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பள்ளி
எல்லாம் உள்ளே வந்துவிடும்.
மணி அடிக்கும். நான் கூப்பிடுவேன்:
அம்மா, தயவுசெய்து பேருந்திலிருந்து இறங்குங்கள்.
அம்மா, வரிசையை விட்டு வெளியே வாருங்கள்.
அவனையும் கூப்பிடுவோம். அவன் எடுப்பதற்குள்
நீலம் நகர்ந்திருக்கும்.
எப்போதும் நீலம்தான்.

ஆனால் அவன் யூகலிப்டஸ் ஏற்றிக்கொண்டு
ஃப்ராய் பென்டோஸ் போகிற இரவுகள் இருந்தன.
நெடுஞ்சாலையில் சிவப்பு ஊர்ந்து ஊர்ந்து தேயும்.
நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு
நீலம் வீட்டை விட்டுக் கிளம்பும்.
சதுக்கத்தைச் சுற்றும். மறுபடி சுற்றும்.
எங்கேயும் போகாது.
ஒரு பெண் காரணமே இல்லாமல் நடப்பதை
முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து
பிஸ்கட்டைத் தேநீரில் நனைக்க மறந்து
பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் நாள்
கம்பெனி லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டது.
காலில் பட்டை கட்டியவனை
ஆலை வாசலில் விடமாட்டார்களாம்.
சிவப்பு ஊருக்குள்ளேயே கிடந்தது.
நீலம் நடப்பதை நிறுத்திவிட்டது.

அறுபத்து மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.
கழற்றிவிடுங்கள் அதை.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது, என்றேன்,
அப்படித்தான் சொல்ல வேண்டும் நாங்கள்.
பதியட்டும், என்றாள்.
அவன் காலில் பூட்டினீர்கள்,
என் அடுப்பு அணைந்தது. அதையும் பதியுங்கள்.
சின்னவனுக்கு ஷூ இல்லை. அதையும்.

கழற்றும் அதிகாரம் எனக்கில்லை.
இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேனோ,
இன்றுவரை தெரியவில்லை.

நூற்றிருபதாம் நாள் பட்டை கழன்றது.
கருவியைத் துடைத்து, உறையில் போட்டு,
கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.
புள்ளிகள் அணைந்தன.
சட்டம் தோற்றது என்று சொல்ல மாட்டேன்.
நூற்றிருபது நாள் அவள் காதில் தையல் இல்லை.
அது சின்ன விஷயமில்லை.

மூன்று நாள் கழித்து, இரவு இரண்டு பதினேழு.
அவள் குரல்.
இப்போது அவன் எங்கே இருக்கிறான்?
அம்மா, உத்தரவு முடிந்துவிட்டது.
தெரியும். திசை மட்டும் சொல்லுங்கள்.
திரையில் வேறு ஊர்களின் சிவப்பும் நீலமும்.
சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
அவள் பின்னால் வானொலியில் யாரோ
மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
பாதி வாக்கியத்தில் அது நின்றது.

ரோந்து வண்டியை அனுப்பினேன்.
பதினெட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.
கதவைத் திறந்தவள் அவளே.
ஒன்றுமில்லை என்றாளாம்.
உள்ளே யாராவது இருந்தார்களா, என்று கேட்டேன்.
மேசைமேல் மாத்தே குடுவை இருந்தது,
சூடாகத்தான் இருந்தது, என்றான் காவலன்.

ஒரு குடுவை. ஒரு குழல்.
இந்த நாட்டில் அதை வைத்து
குடித்தவர்கள் எத்தனை பேர் என்று
யாராலும் சொல்ல முடியாது.